ஊறப்போட்ட அரிசி

இரண்டு நிமிடம் 11 வினாடி ஓடுகிற ஆடியோ ஒன்று இருக்கிறது. இன்றைக்கும் ஏதாவது ஒரு வாட்ஸ்அப் குழுவில் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். பேசுவது என் சித்தி மகள். "அந்தப் பையனைப் புடிச்சது சரிங்க, ஆனா அவன் ஒருத்தன் மட்டும் செஞ்ச காரியமில்லீங்க இது" என்று ஆரம்பிப்பாள். நடுவில் ஒரு வரி வரும். "போலீஸ் அக்கட்டால போனதும் மருமக செஞ்ச மொத வேலை என்ன தெரியுங்களா, சமையக்கட்டுக்குப் போயி போசியக் கழுவி வெச்சதுதான். எங்கூட்டு ஆளு ஒருத்தரு கண்ணால பார்த்தது."

கண்ணால் பார்த்த அந்த ஆள் நான். போசி என்றால் எங்கள் பக்கம் பாத்திரம். அதைக் கழுவியது உண்மை. அந்த ஆடியோவில் இருக்கிற பாதிக்கு மேல் உண்மைதான், அதைத்தான் எழுத வேண்டும் என்று இத்தனை மாதமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஊர் பேரைச் சொல்லப் போவதில்லை. காங்கேயத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் நடுவில், மெயின் ரோட்டை விட்டு இட்டேரி மண்பாதையில் ஒரு மைல் உள்ளே போனால் வருகிற தோட்டத்துச் சாளை. அங்கே தனியாக இருந்தவர் எனக்குப் பெரியம்மா முறை. பெரியப்பா போய்ச் சேர்ந்த பிறகு அண்ணனும் அண்ணியும் ஓசூருக்கு வந்துவிடச் சொல்லி எத்தனையோ முறை கூப்பிட்டார்கள். "எருமையை யாரு பாக்கறது, தென்னைக்கு யாரு தண்ணி உடறது" என்பதுதான் ஒவ்வொரு முறையும் பதில். 73 வயதில் வெள்ளென நாலு மணிக்கு எழுந்து பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றுகிறவர். ஒரு சனிக்கிழமை பால் வரவில்லை என்று பக்கத்துத் தோட்டத்துக்காரர் போய்ப் பார்த்திருக்கிறார். அந்தக் காலையைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு மனசு வரவில்லை.

வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் வீடுகள் தெருத்தெருவாக இருக்காது. அவரவர் காட்டுக்கு நடுவில் அவரவர் சாளை, அடுத்த வீட்டு விளக்கு கால் மைல் தள்ளித்தான் தெரியும். பிள்ளைகள் திருப்பூர், கோவை, பெங்களூர் என்று போன பிறகு சாளையில் மிச்சம் இருப்பது வயதானவர்களும் ஒரு நாயும்தான். 2024 நவம்பர் கடைசியில் பல்லடம் பக்கம் சேமலைகவுண்டம்பாளையத்தில் தோட்டத்து வீட்டில் அப்பா, அம்மா, மகன் மூன்று பேரும் கொல்லப்பட்டார்கள். துப்புக் கிடைக்காமல் மாதக்கணக்கில் இழுத்தது. 2025 மே தொடக்கத்தில் ஈரோடு மாவட்டம் சிவகிரி பக்கம் ஒரு வயதான தம்பதி. அந்த மாதமே ஆட்களைப் பிடித்த போலீஸ், பல்லடம் சம்பவத்திலும் இவர்களுக்குத் தொடர்பு இருப்பதாகச் சொன்னது. நடுவில் இருந்த அந்த அஞ்சாறு மாதமும் எங்கள் ஊர்களில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. தூங்காதவர்கள் பேசினார்கள். வேலையாள் என்றார்கள், சொந்தக்காரன் என்றார்கள், ஒவ்வொரு டீக்கடையிலும் ஒரு குற்றவாளி இருந்தான். அந்தப் பயம் நிஜமான பயம். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன், என் அம்மாவும் இன்னும் தோட்டத்தில்தான் இருக்கிறார்.

பெரியம்மா விஷயத்தில் முதல் நாலு நாள் எல்லாருடைய கையும் வடக்கத்திப் பசங்களைத்தான் காட்டியது. பக்கத்துத் தேங்காய்க் களத்தில் கொப்பரை காய வைக்கும் வேலைக்கு வந்தவர்கள், மொத்தம் ஆறு பேர், தகர ஷெட்டில் குடியிருந்தார்கள். இரண்டே நாளில் ராத்திரியோடு ராத்திரியாக ரயிலேறிவிட்டார்கள். "பார்த்தீங்களா, ஓடிட்டானுக" என்றார்கள். அவர்கள் ஏன் ஓடினார்கள் என்று எனக்குத் தெரியும். 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார்க்காரர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவி, திருப்பூர் ரயில் நிலையத்தில் மூட்டை முடிச்சோடு கூட்டம் நின்றதும், பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து விசாரித்துவிட்டுப் போனதும் மறந்து போகிற விஷயமா? அன்றைக்கு அவர்களை ஓட வைத்தது அவர்கள் ஊர்ப் போனில் வந்த கதை. இந்தத் தடவை எங்கள் ஊர்ப் போனில் வந்த கதை.

ஐந்தாம் நாள் கைது. வடக்கத்தி இல்லை. நாலு மைல் தள்ளி இருக்கிற ஊர்ப் பையன், தேங்காய் உரிக்கிற வேலைக்குப் போகிறவன், 22 வயது. பெரியம்மா தோட்டத்திலும் இரண்டு முறை வந்து காய் உரித்திருக்கிறான். சங்கிலியையும் வளையலையும் எடுத்ததாகப் போலீஸ் சொன்னது. மொத்தம் ஏழு பவுன்.

அடங்கிவிடும் என்றுதான் நினைத்தேன். ஆனால் அன்றைக்குப் பொழுதோடதான் பேச்சு சூடு பிடித்தது. ஏன் என்று பல நாள் யோசித்துப் பார்த்திருக்கிறேன். எனக்குத் தோன்றுகிற காரணம் ஒன்றுதான். ஏழு பவுன் போதவில்லை. 73 வருஷம் வாழ்ந்த மனுஷி, ஊரில் பாதிப் பேருக்குப் பிரசவம் பார்த்த வீட்டு மருமகள், நோம்பிக்கு நோம்பி எல்லார் வீட்டுக்கும் பலகாரம் கொடுத்து அனுப்பியவர், இப்படி ஒருத்தர் போனதற்குக் காரணம் ஒரு தேங்காய் உரிக்கிற பையனும் ஏழு பவுனும்தான் என்றால் மனசு ஏற்றுக்கொள்ள மாட்டேன் என்கிறது. சாவு எவ்வளவு பெரியதோ அதற்குத் தக்கபடி ஒரு பெரிய காரணம் வேண்டியிருக்கிறது. சொத்து, கள்ளத்தொடர்பு, கூலிப்படை, பெரிய இடத்து ஆள் என்று எதையாவது வைத்து அந்தப் பள்ளத்தை நிரப்பப் பார்க்கிறோம். எனக்கும் அப்படித்தான் இருந்தது. "இவ்வளவுதானா?" என்று நானே அம்மாவிடம் கேட்டேன்.

அப்புறம் அந்தப் பையனின் பெயர் வந்த அஞ்சாவது நிமிடமே குழுக்களில் வந்த கேள்வி, எங்கள் பக்கத்தில் வேறு எந்தக் கேள்விக்கும் முன்னால் வருகிற கேள்வி: "என்ன ஆளுங்க?" பதில் தெரிந்ததும் கொலை வழக்கு ஓரமாகப் போய்விட்டது. ஒரு தெருவே குற்றவாளி ஆனது. அவன் அம்மாவும் களத்தில் உரிக்கிறவர்தான், மறுநாளே வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் வீட்டை யாரோ வாசலில் நின்று படமெடுத்துப் போட்டார்கள், கதவில் சாக்பீஸால் எழுதிய தேதிகூடத் தெரிகிற மாதிரி. கொலைகாரன் என்று போட்டு ஒரு போட்டோ சுற்றியது, மாரியம்மன் நோம்பியில் தீர்த்தக்குடத்தோடு நிற்கிற படம். அது அவன் தம்பி. பாலிடெக்னிக் படிக்கிறவன். அந்தப் படம் வந்த பிறகு பஸ்ஸில் இவன் ஏறினால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து நின்றுகொண்டார்களாம். அது தப்பான படம் என்று மறுநாள் ஒருத்தர் போட்ட செய்தியை நான் இருக்கிற மூன்று குழுக்களில் ஒன்றில்தான் பார்த்தேன்.

இனி போசி விஷயம்.

தடயவியல் ஆட்கள் வந்து, மோப்ப நாய் வந்து, சாளையை இரண்டு நாள் பூட்டி வைத்திருந்தார்கள். பெரியம்மாவின் உடலை எடுத்தது வேறு வீட்டு வாசலிலிருந்து. மூன்றாம் நாள் மத்தியானம்தான் உள்ளே போகலாம் என்று சொன்னார்கள். அண்ணிக்குத் துணையாக நான் போனேன். முன்கூடமான ஆசாரத்தைத் தாண்டும்போது அண்ணி தலையைத் திருப்பிக்கொண்டே நடந்தார். சமையல்கட்டுக்குள் நுழைந்ததும் ஒரு புளிச்ச வாடை. மேடை மேல் பெரிய போசி, தட்டம் போட்டு மூடியிருந்தது, பக்கத்தில் குண்டாவில் உளுந்து. வெள்ளிக்கிழமை ராத்திரி ஊறப்போட்டது. உளுந்து நுரைத்துப் பொங்கி மேடையில் வழிந்து காய்ந்திருந்தது. அரிசி மேல் தண்ணீரில் முட்டை முட்டையாகக் குமிழ் நின்றது. அண்ணி தட்டத்தை எடுத்துவிட்டு உள்ளே கையை விட்டார். மணிக்கட்டு வரைக்கும் அரிசி. அப்படியே நின்றார்.

ஒரு ஆளுக்கு ஊறப்போடுகிற அளவு இல்லை அது. சனிக்கிழமை அண்ணனும் அண்ணியும் பேரனும் வருவதாக இருந்தது.

போசியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் பொடக்காலிக்குப் போய் வாழை மூட்டில் கொட்டினார். தேங்காய் நாரை எடுத்துத் தேய்த்தார். நான் வாங்கப் போனேன், கொடுக்கவில்லை. சுத்தமான பிறகும் தேய்த்துக்கொண்டே இருந்தார், உள்ளே, வெளியே, விளிம்பில். அப்புறம் பெரியம்மா எப்போதும் கவிழ்த்து வைக்கிற அதே இடத்தில், ஜன்னலுக்குக் கீழே கவிழ்த்து வைத்தார். "அத்தைக்குப் போசி ராத்திரி அழுக்கா கெடந்தா புடிக்காது அம்முணி" என்றார். அழவில்லை.

அன்றைக்கு ராத்திரி சித்தி மகளுக்குப் போன் பண்ணினேன். எனக்கு யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது. அண்ணி போசியைக் கழுவினதைப் பார்த்து நெஞ்சு அடைத்துப்போனது என்றேன். "அழுகலையாக்கா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "ம்ம்" என்றாள். அந்த "ம்ம்" எனக்கு இப்போதும் காதில் இருக்கிறது. கைதுக்கு மறுநாள் ஆடியோ வந்தது. கொட்டிய அரிசி அதில் இல்லை. புளித்த வாடை இல்லை. சனிக்கிழமை வருவதாக இருந்தது இல்லை. போசியைக் கழுவினாள், அழவில்லை, அவ்வளவுதான் மிஞ்சியிருந்தது. கூடவே அண்ணன் இரண்டு வருஷம் முன்னால் ரோட்டோரக் காட்டை விற்கலாம் என்று சொன்னதும், பெரியம்மா ஒத்துக்கொள்ளாததும். அதுவும் உண்மைதான். எந்த வீட்டில் அந்தப் பேச்சு நடக்கவில்லை?

சித்தி மகள் பொய்க்காரி இல்லை. பெரியம்மா மேல் உயிரையே வைத்திருந்தவள். நியாயம் கிடைக்க வேண்டும் என்று நிஜமாக நினைத்துத்தான் பேசினாள். பொய் சொல்லியிருந்தால் மறுக்க எளிதாக இருந்திருக்கும். ஆளுக்கு ஒரு துண்டு உண்மை கொடுத்தோம், நான் ஒன்று, பால் சொசைட்டியில் ஒருத்தர் ஒன்று, கருமாதிக்கு வந்த ஒரம்பரை ஒன்று. சேர்த்துக் கட்டினால் ஒரு முழுக் கதை வந்தது, அதில் அண்ணி கொலைகாரி.

இரண்டு நாள் கழித்து அண்ணியைப் போலீஸ் மறுபடி கூப்பிட்டார்கள். பத்து மணிக்குப் போனவர் திரும்பி வரும்போது பொழுது இறங்கிவிட்டது. பள்ளி வாத்தியார் வேலை பார்க்கிறவர், போசியைப் பற்றி அஞ்சு மணி நேரம் பதில் சொல்லியிருக்கிறார். என்னையும் விசாரித்தார்கள். நான் அரிசியைப் பற்றிச் சொன்னதை எழுதிக்கொண்ட அதிகாரி, "ஊர் பேசறதை எல்லாம் நாங்க விசாரிச்சாகணும்மா, இல்லீனா இதை ஏன் விசாரிக்கலைன்னு அதையும் பேசுவாங்க" என்றார். அந்த நாள் முழுக்க அவர்கள் வேறு ஏதோ உருப்படியான வேலை பார்த்திருக்க வேண்டிய நாள்.

இதற்கெல்லாம் அப்புறம்தான் ஒரு கைதுக்குப் பின்னால் வழக்கு எப்படி நடக்கும் என்று தெரிந்த வக்கீல் ஒருத்தரிடம் உட்கார்ந்து கேட்டேன். "பரபரப்பு வாக்குமூலம்" என்று பேப்பரில் வருகிறதே, அதை நீதிமன்றம் சாட்சியமாக எடுத்துக்கொள்ளாது என்று அதுவரைக்கும் எனக்குத் தெரியாது. போலீசிடம் கொடுக்கிற ஒப்புதல் செல்லாது என்பது 1872-ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டத்தில் 25-ஆம் பிரிவாக இருந்தது. 2024 ஜூலை 1-ஆம் தேதி புதுச் சட்டம் வந்த பிறகும் 23-ஆம் பிரிவில் அப்படியே இருக்கிறது. அவன் சொன்னதை வைத்துப் போய் ஒரு பொருளைக் கண்டெடுத்தால் அந்த அளவுக்கு மட்டும் செல்லும். சங்கிலியை இன்ன கிணற்றில் போட்டேன் என்று சொல்லி, அந்தக் கிணற்றில் சங்கிலி கிடைத்தால் அது சாட்சியம். மற்றதெல்லாம், நாம் நாலு நாள் வரிவரியாகப் படித்து அலசிய அத்தனையும், நீதிபதி முன்னால் நிற்காது.

பிடித்தவர்களை முகத்தை மூடிக் கூட்டிப் போகிறார்களே, கொலைகாரனுக்கு என்ன மரியாதை என்று நானே திட்டியிருக்கிறேன். அது மரியாதைக்காக மட்டும் இல்லை. பார்த்த சாட்சி இருந்தால் அடையாள அணிவகுப்பு நடத்த வேண்டும். ஒரே மாதிரி பல பேரை நிறுத்தி அதில் ஆளைக் காட்டச் சொல்வார்கள். அதற்கு முன்னாலேயே போட்டோ ஊரெல்லாம் சுற்றியிருந்தால், எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கிற முதல் கேள்வி, "இந்தப் படத்தை உங்க போன்ல பார்த்தீங்களா?" என்பது. பார்த்தேன் என்று சொன்னால் அந்த அணிவகுப்பு நொண்டிப் போகும். பெரியம்மா வீட்டுப் பக்கம் அன்றைக்கு ராத்திரி ஒரு பைக் போனதைப் பார்த்தவர் ஒருத்தர் இருக்கிறார். அவர் போனில் எத்தனை படம் வந்திருக்கும், அதில் எத்தனை தம்பி படம்?

90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை போடவில்லை என்றால் ஜாமீன் கேட்பது கைதானவனின் உரிமை. இது தெரியாமல் வருஷா வருஷம் "காசு விளையாடிருச்சு, வெளிய வந்துட்டான்" என்று பேசுகிறோம். அவனுக்கு எந்த வக்கீலும் ஆஜராகக் கூடாது என்று ஒரு செய்தி சுற்றியது, நானும் அதற்குக் கை கூப்புகிற பொம்மையைப் போட்டேன். வக்கீல் இல்லாமல் நடந்த விசாரணையில் தண்டனை கொடுத்தால் மேலே போய் நிற்காது என்று அந்த வக்கீல் சொன்னபோது எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பெரியம்மாவுக்காகச் செய்ததாக நினைத்தது எல்லாம் பெரியம்மாவின் வழக்கைக் கரையான் மாதிரி அரிக்கிற காரியம்.

அவர் 2015-ஐ ஞாபகப்படுத்தினார். திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோயிலிலிருந்து கடத்தப்பட்ட ஓமலூர்ப் பொறியியல் பட்டதாரி, மறுநாள் பள்ளிபாளையம் பக்கம் தண்டவாளத்தில் சடலமாகக் கிடைத்த வழக்கு. முதன்மைக் குற்றவாளி நூறு நாளுக்கு மேல் தலைமறைவாக இருந்துகொண்டே வாட்ஸ்அப்பில் ஆடியோ விட்டதும், அதை நம் ஆட்கள் காதில் வைத்துக் கேட்டுவிட்டு அடுத்த ஆளுக்கு அனுப்பியதும் எங்கள் பக்கத்தில் யாருக்கும் மறந்திருக்காது. கொலையே இல்லை, தற்கொலை என்று சத்தியம் பண்ணினவர்கள் எனக்குத் தெரிந்தே பத்துப் பேர் உண்டு. கொலைதான் என்று மதுரை சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது 2022 மார்ச்சில். அதற்குக் கோயில் கேமராப் பதிவு முக்கியமான சாட்சியம். மேல்முறையீட்டில் அந்தப் பதிவைப் பற்றிக் கேள்வி வந்தபோது, உயர் நீதிமன்ற நீதிபதிகள் இரண்டு பேர் 2023 ஜனவரியில் நேரில் மலையேறி வந்து கோயிலைச் சுற்றிப் பார்த்தார்கள். வாசல் எங்கே, கேமரா எங்கே என்று நின்று பார்த்தார்கள். அந்த ஜூனில்தான் முதன்மைக் குற்றவாளியின் தண்டனையை உறுதி செய்தார்கள். ஏழரை வருஷம் கழித்து, மேல்முறையீடு வரைக்கும் வந்து, அப்போதும் இடத்தைப் பார்க்காமல் எழுத அவர்களுக்கு மனசு வரவில்லை. எங்கள் குழுவில் அண்ணியைக் குற்றவாளி ஆக்கிய ஒருத்தர்கூட அந்தச் சமையல்கட்டுக்குள் வந்ததில்லை.

அந்தப் பையன் குற்றம் செய்தானா இல்லையா என்று இங்கே எழுத மாட்டேன். குற்றப்பத்திரிகை போட்டாயிற்று, வழக்கு திருப்பூரில் நடக்கிறது. நானும் சாட்சிப் பட்டியலில் இருக்கிறேன். ஒருநாள் கோர்ட்டுக்குப் போயிருந்தபோது அவன் அம்மா வராந்தாவில் சுவரோரம் நின்றிருந்தார். நான் யார் என்று தெரியாமல், "ஏனுங் அம்முணி, இன்னைக்கு என்ற பையனைக் கூட்டியாருவாங்களாங்?" என்று கேட்டார். மஞ்சப்பையில் ஒரு டப்பா இருந்தது. எனக்குத் தெரியலீங்க என்றேன். நான் யார் என்று சொல்லியிருக்க வேண்டும்.

அண்ணியிடம் சொல்லிவிட்டேன். கருமாதி முடிந்து ஓசூர் கிளம்புகிற அன்றைக்கு, அந்த வரி என் வாயிலிருந்து போனது என்று சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். "நீ பார்த்ததைத்தானே சொன்னே" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அரிசியையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்" என்றார். அதற்கப்புறம் அவர் ஊர் நோம்பிக்கு வரவில்லை. சாளைச் சாவி என் அம்மாவிடம்தான் இருக்கிறது.

சித்தி மகள் ஆடியோவை அழித்தாள், மன்னிப்புக் கேட்டு இன்னொன்று போட்டாள். அது யார் போனுக்கும் போய்ச் சேரவில்லை.

போன தை மாதம் வெள்ளகோவிலில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த அம்மாவை எனக்கு முன்பின் தெரியாது, மூலனூர்ப் பக்கம் என்றார். பேச்சு தோட்டத்தில் தனியாக இருக்கிறவர்களைப் பற்றிப் போனது. அவரும் தனியாகத்தான் இருக்கிறாராம். பயமாக இருக்கிறது என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "வெளி ஆளை விடுங்க, ஊட்டு ஆளையே நம்ப முடியறதில்லை" என்று ஆரம்பித்து பெரியம்மா கதையை முதலிலிருந்து சொன்னார். போசி வந்தது. கழுவினது வந்தது. "சொந்தக்காரப் புள்ளை ஒண்ணு கண்ணால பார்த்துருக்குதுங்க" என்றார்.

"அந்தப் புள்ளை நான்தானுங்க" என்றேன். "அது என்ற பெரியம்மா. மூணு நாளாப் பூட்டிக் கெடந்த ஊட்ல அரிசி புளிச்சுப் போயிருந்துச்சு. அதைக் கொட்டித்தான் கழுவுனாங்க."

ரசச்சோற்றில் கையை வைத்தபடி என்னையே பார்த்தார். "அப்படீங்களா" என்றார். பாயசம் வந்து போனது. அப்புறம், "இருந்தாலுமுங்க, அந்நேரத்துல ஒரு பொம்பளைக்குப் பாத்திரம் கழுவத் தோணுமுங்களா?" என்றார்.

நான் மறுபடியும் சொன்னேன். வெள்ளிக்கிழமை ராத்திரி ஊறப்போட்டது என்று, மக்யா நாள் பேரன் வர்றான்னு ஊறப்போட்டது என்று, ஒரு ஆளுக்கு ஊறப்போடுகிற அளவு இல்லைங்க அது என்று.